சலுகைக்காலம் முடிந்தது, கடன் ஏன் கூடியிருக்கிறது?

கேள்வி: நிலாவெளியில் ஐந்து அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி நடத்துகிறோம். 2018இல் அறைகள் கட்ட வங்கியில் 30 இலட்சம் ரூபா கடன் எடுத்தோம். உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும் கொரோனாக் காலத்திலும் அரசு அறிவித்த சலுகைக்காலத்தைப் பயன்படுத்தினோம். இப்போது 38 இலட்சம் நிலுவை என்கிறார்கள். இரண்டு தவணை பிந்திவிட்டது. இதைத் தள்ளுபடி செய்விக்க வழி இருக்கிறதா?

பதில்: தள்ளுபடியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். சுற்றுலாத்துறைக்கு 2022 ஜூன் வரை நீண்ட சலுகை வெறும் அவகாசம்தான். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. 30 இலட்சத்துக்கு 12 வீதம் என்றால் கட்டாத ஆண்டு ஒன்றுக்கு 360,000 ரூபா. மூன்று ஆண்டில் பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். பிந்திய தொகையை வங்கிகள் தனிக்கடனாக மாற்றின. அதற்கு அறவிடக்கூடிய வட்டிக்கு மத்திய வங்கியின் சுற்றறிக்கைகள் உச்சவரம்பு வைத்திருந்தன. ஆகவே முதலில் கேட்க வேண்டியது 2019 முதலான முழுக் கடன் கணக்குக் கூற்று. எந்த மாதம் எந்த வீதம் போட்டார்கள், தண்டவட்டி சேர்ந்ததா என்று வரிவரியாகப் பாருங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான தன் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியபோது மாறும் வட்டிக் கடன்கள் எகிறின. கொள்கை வட்டி 2025 மேயில் 7.75 வீதத்துக்கு இறங்கியது. உங்கள் வீதம் அதோடு சேர்ந்து இறங்கவில்லையென்றால் அதை எழுத்தில் கேளுங்கள்.

அவசரம் வேறொன்றில் இருக்கிறது. 90 நாள் பிந்தினால் அது செயற்படாக் கடன், அதாவது ஒழுங்காகத் திரும்பாத கடன், ஆகிவிடும். உங்கள் கடன் வரலாற்றை வங்கிகளுக்குக் காட்டும் கிறிப் (CRIB) அறிக்கையிலும் அந்தக் கறை ஏறும், பிறகு எந்த வங்கியும் தயங்கும். இரண்டு தவணை பிந்திய நிலையில் உங்களுக்கு இன்னும் சில வாரங்களே உண்டு.

நலிந்த தொழில்களை மீட்க வங்கிகளில் பிசினஸ் ரிவைவல் யூனிட் அமைக்கும்படி மத்திய வங்கி 2024இல் பணித்தது. விண்ணப்பத்தைக் கிளை முகாமையாளரிடம் கொடுத்து, அந்தப் பிரிவுக்கு அனுப்பும்படி கடிதத்திலேயே எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கேட்கவேண்டியது தவணை ஒத்திவைப்பு அல்ல, சீசனுக்கு ஏற்ற தவணை. நிலாவெளி இருக்கும் திருகோணமலைக் கரையில் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் வருமானம். வாடைக்காலத்தில் புறாத்தீவுக்குப் பயணிகளை ஏற்றும் படகுகளே கரையில் கிடக்கும். மாதாமாதம் ஒரே தொகை கேட்கும் சமதவணை இங்கே ஒவ்வொரு மாரியிலும் முறியும். உதாரணமாக மாதம் 60,000 என்பதற்குப் பதில் சீசனில் ஆறு மாதம் 80,000, மற்ற ஆறு மாதம் 40,000 என்று கேளுங்கள். ஆண்டுக்கு அதே 720,000தான். 40,000இலும் கீழே போகாதீர்கள்: 38 இலட்சத்துக்கு 12 வீதத்தில் மாத வட்டியே 38,000. அதைவிடக் குறைத்தால் கடன் மறுபடி வளரும்.

விண்ணப்பம் பெரும்பாலும் தடுக்குவது வருமானச் சான்றில். அறைக்காசைக் கையில் வாங்கி வீட்டிலேயே செலவழித்தால் வங்கிக்கு நீங்கள் உழைக்கவே இல்லை. முன்பதிவுத் தளங்களின் கொடுப்பனவு அறிக்கை, பன்னிரண்டு மாத வங்கிக் கூற்று, அறை நிரம்பிய நாட்களின் பதிவேடு, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். பதிவு இல்லாவிட்டால் இப்போதே தொடங்குங்கள். 2020இல் அரசு வழிகாட்டிகளுக்கு 20,000, சுற்றுலாச் சாரதிகளுக்கு 15,000 ரூபா கொடுத்தபோதும் பதிவு பெற்றோருக்கே கிடைத்தது.

புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் முதற்தொகையை, அதாவது வட்டி சேராத அசல் கடன் தொகையை, பாருங்கள். நீதிமன்றம் போகாமல் ஈட்டுச் சொத்தை ஏலம்விடும் பராட்டே அதிகாரம், முதற்தொகை 50 இலட்சத்துக்குக் குறைந்த கடனுக்குப் பொருந்தாது. வட்டியும் தண்டமும் அந்தக் கணக்கில் சேராது. உங்கள் 30 இலட்சம் அந்தப் பாதுகாப்புக்குள் இருக்கிறது. வேறு கடன்களையும் வட்டியையும் கூட்டி ஒரே கடனாக 50 இலட்சத்துக்கு எழுதச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். வங்கி பதிலே தராவிட்டால் திருகோணமலையிலுள்ள மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 1935ஐ அழையுங்கள். முத்திரையிட்ட அந்தப் பிரதி அங்கே தேவைப்படும்.