பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று கேளுங்கள்

கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளத்திலிருந்து எழுதிய தங்கச்சிக்கு. மண்ணுத்தியில் கால்நடை மருத்துவம் முடித்திருக்கிறீர்கள், ஜெர்மனியில் எலிக்குச் சிறுநீரகம் மாற்றிவைக்கும் ஆய்வில் பிஎச்டி இடம் வந்திருக்கிறது, மாட்டுக்கும் ஆட்டுக்கும் தையல் போட்ட கை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் நிற்குமா, எவ்வளவு நாளில் பழகும், அங்கே இருப்பு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வண்ணாமடைக்காரன்தான், இதே வேலையில் இங்கே பல வருஷமாக இருக்கிறேன், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கை பழகிவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேராசிரியருக்கு ஒரு மடல் எழுதி, "முதல் சில மாதம் மைக்ரோஸ்கோப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரப் போவது யார், அவருடைய ஒப்பந்தம் எதுவரை இருக்கிறது" என்று கேளுங்கள். சம்பளம், வீடு எல்லாம் அப்புறம். இங்கே பல ஆய்வகங்களில் இந்த அறுவையைச் செய்யத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான் இருப்பார், அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் மிஞ்சுவது ஒரு வீடியோவும் நாலு கட்டுரையும்தான். புதிதாக வருகிற பிள்ளையிடம் அதைக் கொடுத்து "பார்த்துச் செய்" என்பார்கள். அப்படி உட்கார்ந்து ஒரு வருஷத்தைத் தொலைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வளர்ந்த எலியின் அயோர்ட்டாவே, அதாவது உடம்பின் பெரிய தமனியே, ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அகலம்தான். அதில் தைக்கிற 10-0 என்ற அளவு நைலான் நூல் தலைமுடியை விட மெல்லியது, உலர்ந்த மேசையில் வைத்தால் மூச்சுக்காற்றுக்கே போய்விடும், அதனால் சலைனில் நனைத்த காஸ் துணியில்தான் வைப்போம். ஊசியை விரலால் தொடுவதே கிடையாது. இடது கையிலிருக்கும் ஃபோர்செப்ஸால் (சிறு இடுக்கி) நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு, ஊசியின் முனை துணியில் பட்டுத் தோதான பக்கம் திரும்பும்போது நீடில் ஹோல்டரால் பிடிக்க வேண்டும். ரத்தக்குழாயின் உள்சுவரைக் கவ்வக்கூடாது, கவ்விய இடத்தில் ரத்தம் உறைய ஆரம்பிக்கும். வெளியுறையை மட்டும் லேசாகத் தூக்கி ஊசியைச் செங்குத்தாக இறக்க வேண்டும். புதியவர்கள் அனேகமாக எல்லோருமே முன்சுவரோடு பின்சுவரையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால் தையல் வரிசை அழகாகத்தான் தெரியும். ரத்தத்தை நிறுத்திவைத்திருந்த கிளாம்பை எடுத்ததும் சிறுநீரகம் பளிச்சென்று சிவக்காமல் திட்டுத்திட்டாகக் கருநீலத்தில் நிற்கும்போதுதான் விஷயம் புரியும், அப்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். இரண்டாவது கண்வில்லை வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் அந்த நொடியிலேயே "நிறுத்துங்க, ஊசி பின்னால் போயிருச்சு" என்று சொன்னால் அந்தப் பழக்கம் சீக்கிரம் விட்டுப்போகும். வீடியோவுக்கு உங்கள் ஊசி எங்கே போகிறது என்று தெரியாது.

பூக்கட்டுகிற கை இருந்தால் போதும் என்று ஊரில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். பூக்கட்டும்போது மணிக்கட்டு ஆடும், இங்கே முழங்கை முதல் மணிக்கட்டு வரை மேசையில் பதிந்திருக்க, விரல் நுனி மட்டும்தான் அசைய வேண்டும். நாற்காலி உயரம் சரியாக இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட கையும் நடுங்கும். அன்றைக்குக் காலையில் ஸ்ட்ராங் காபியும் வேண்டாம், கனமான பெட்டி தூக்குவதும் வேண்டாம்.

எடுத்ததும் உயிருள்ள எலியில் கை வைக்க விடமாட்டார்கள், விட்டால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். முதலில் கையுறை ரப்பரைக் கீறித் தைப்பது, அப்புறம் சிலிக்கான் குழாய், அப்புறம் கடையில் வாங்கிய கோழித்தொடையில் இருக்கும் ரத்தக்குழாய். கோழித்தொடையை இளக்காரமாக நினைக்காதீர்கள், அதன் தமனி எலி அயோர்ட்டாவுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. பிறகு வேறு ஆய்வில் ஏற்கனவே கொல்லப்பட்ட எலிகள். அதற்கும் பிறகுதான் மயக்கத்தில் இருக்கும் எலி, அந்த மயக்கத்திலேயே எலியின் உயிரை முடித்துவிடுவார்கள். எலி கண்விழித்து எழுந்து நடக்கிற அறுவை கடைசியில்தான் வரும். பயிற்சிக்கான எலிக்கும் இங்கே தனி அனுமதி வேண்டும், எத்தனை எலி என்பதைக் கணக்கோடு எழுதிக்கொடுக்க வேண்டும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு விதிகள் அப்படி. "பாவம் ஒட்டாதா" என்று பாட்டி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு என்னிடம் சமாதானம் ஒன்றும் இல்லை. கோழித்தொடையில் எவ்வளவு அதிகம் தைக்கிறீர்களோ அந்த அளவுக்கு எலி குறையும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாற்று அறுவை தொடங்கும்போது லூயிஸ் வகை எலியின் சிறுநீரகத்தை இன்னொரு லூயிஸ் எலிக்கே வைக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். உள்ளினப்பெருக்கம் செய்த வகை, மரபணு ஒன்றே, புது உறுப்பை உடம்பு ஏற்க மறுக்கிற நிராகரிப்பு வராது. ஆகவே எலி இறந்தால் காரணம் அறுவையிலோ கவனிப்பிலோதான் இருக்க வேண்டும், தப்பிக்க வழியில்லை. அது நிலையாக வந்த பிறகு மரபணு வேறான பிரவுன் நார்வே வகை எலியிலிருந்து லூயிஸுக்கு வையுங்கள். இந்த வரிசையைத் தாண்டி ஓடியவர்களின் தரவுகளில் எது நிராகரிப்பு, எது தையல் கோளாறு என்று பிரிக்கவே முடியாது.

பேராசிரியர் நடுவில் கல்லீரல் என்று ஆசைகாட்டினால் அவசரப்படாதீர்கள். 1979-இல் கமாடா, ராய் கால்ன் என்ற சர்ஜன்கள், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையைத் தைக்காமல் சிறு குழாய்வளையம் போட்டு இணைக்கும் முறையைக் கொண்டுவந்ததால்தான் பலருக்கும் அது கைகூடியது. அப்போதும் போர்ட்டல் சிரை அடைபட்டிருக்கும் நேரம் இருபது நிமிஷத்தைத் தாண்டத் தாண்ட எலி பிழைப்பது கஷ்டம். சிறுநீரகம் அவ்வளவு விரட்டாது. எலியில் சிறுநீரக மாற்று முறையை 1965-இல் பெர்னார்ட் ஃபிஷரோடு சேர்ந்து எழுதிய சன் லீ, கொரியாவிலிருந்து அமெரிக்கா போனவர். அவரிடம் கற்றவர்களும் நேரில் போய் உட்கார்ந்துதான் கற்றார்கள்.

உங்களுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. இங்கே இந்த வேலைக்கு மனித மருத்துவம் படித்த சர்ஜன்களும் வருவார்கள், அழகாகத் தைப்பார்கள், மறுநாள் எலியின் கண்ணைச் சுற்றிச் சிவப்பாகப் படிந்திருந்தால் ரத்தம் என்று பயந்துவிடுவார்கள். அது கண்சுரப்பியின் நிறமி, எலி வலியிலோ அழுத்தத்திலோ இருக்கிறது என்பதன் அறிகுறி என்று கால்நடை மருத்துவரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடலைச் சூடாக வைப்பது, வலிமருந்து, தினமும் எடை பார்ப்பது, இதில் பாதி வெற்றி இருக்கிறது.

இதனால்தான் சனி ஞாயிறு உங்களுக்குச் சொந்தமில்லை. வெள்ளிக்கிழமை அறுவை செய்தால் ஞாயிறு காலை பனியில் போய்ப் பார்க்க வேண்டியது நீங்கள்தான். எலிகளைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் ஜெர்மன்தான் பேசுவார்கள், அவர்களோடு பழகுங்கள், ராத்திரி எந்தக் கூண்டில் எலி கூனி உட்கார்ந்திருந்தது என்று முதலில் சொல்லப்போவது அவர்கள்தான். தமிழ்ப் பள்ளியில் படித்து மலையாள போர்டு பார்த்து பஸ் ஏறியவர்களுக்கு இன்னொரு பாஷை ஒன்றும் மலையில்லை. பிஎச்டிக்குப் பல இடங்களில் முழுச் சம்பளத்தில் 65 சதவீதம் மாதிரிதான் தருவார்கள், வேலை மட்டும் முழுசாக இருக்கும். மாஸ்க்கை ஒருநாளும் விடாதீர்கள், எலிச் சிறுநீரில் இருக்கும் புரதத்தால் அலர்ஜி வந்து தொழிலையே விட்டவர்கள் உண்டு.

ஃபோர்செப்ஸ் எதையும் அங்கிருந்து வாங்கி வராதீர்கள், ஆய்வகத்தில் இருக்கும். விசாவுக்குக் கோயம்புத்தூர் பக்கத்தில்தானே என்று சென்னைக் கணக்குப் போடாதீர்கள், கேரள முகவரி பெங்களூரு ஜெர்மன் துணைத் தூதரகத்தின் கீழ் வரும். முதலில் அந்த மடலை அனுப்புங்கள். பேராசிரியர் ஆள் பெயரைச் சொல்லிப் பதில் போட்டால் கிளம்பலாம், "எங்கள் குழுவில் எல்லோரும் உதவுவார்கள்" என்று வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், வேறு இடம் பார்ப்போம்.