ரோடு டயட் என்றால் என்ன? டவுன் நடுவில் சாலையை ஏன் வேண்டுமென்றே குறுக்குகிறார்கள்?

சாலையில் வண்டி போகும் தடங்களைக் குறைத்து (உதாரணமாக நாலை இரண்டாக்கி), மிச்ச இடத்தை நடைபாதை, மரம், பார்க்கிங் என்று பிரித்துக் கொடுப்பதுதான் ரோடு டயட்.

அமெரிக்காவில் தென் கரோலினாவின் கிரீன்வில் இதற்கு நல்ல உதாரணம். 1970களில் கூட்டமெல்லாம் புறநகர் மால்களுக்குப் போய்விட, மெயின் ஸ்ட்ரீட் கடைகள் ஈ ஓட்டின. மேயர் மேக்ஸ் ஹெல்லர் (வியன்னாவில் பிறந்தவர், கஃபே வாசலில் உட்காரும் பழக்கம் தெரிந்தவர்) முன்கையெடுத்த திட்டத்தில் நாலு தடம் இரண்டானது, ஓரத்தில் மரம் வைத்து, கார்களைச் சாய்வாக நிறுத்த இடம் விட்டார்கள். அப்புறம் 2000களின் தொடக்கத்தில் ரீடி ஆற்று அருவியை மறைத்து நின்ற கேம்பர்டவுன் பாலத்தையே இடித்துவிட்டு, 2004இல் நடப்பவர்களுக்கு மட்டும் லிபர்ட்டி பாலம் கட்டினார்கள். எனக்குப் பிடித்தது இந்தத் துணிச்சல்தான்!

காரணம் எளிது. வண்டி வேகமாகப் போனால் கடைப் பலகை கண்ணில் படாது, நடப்பவருக்கும் பயம். திண்ணை வைத்த வீட்டு வாசலில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள், ஆட்கள் போய்க்கொண்டே இருக்கும் ரயில்பெட்டி நடைவழியில் யார் உட்காருவார்? தெருவும் அப்படித்தான்.

சரி, தடம் குறைந்தால் நெரிசல் அதிகமாகாதா என்பார்கள். டவுனுக்குள் வண்டிகள் தேங்குவது பெரும்பாலும் சிக்னலிலும் திருப்பத்திலும்தான், ஊரைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பக்கத்துத் தெருக்கள் இருக்கவே இருக்கின்றன.