டேலி வகுப்பை ஆன்லைனுக்கு மாற்ற ஆப் வாங்க வேண்டுமா?

கேள்வி: திண்டுக்கல்லில் டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கும் ஜிஎஸ்டிக்கும் வகுப்பு நடத்துகிறேன். தினம் 2 மணி நேரம், இரண்டு மாதப் படிப்பு. இதை ஆன்லைனுக்கு மாற்றச் சொந்த ஆப் அவசியம், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பயிற்சித்தாள் கொடுத்து விடை வாங்க கூகுள் கிளாஸ்ரூம் இலவசமாகவே கிடைக்கிறது. நேரடி வகுப்புக்கு கூகுள் மீட் போதும். இலவசக் கணக்கில் 60 நிமிடம்தான் ஓடும், அதற்கு மேல் தேவையும் இல்லை. 2 மணி நேர வகுப்பை அப்படியே கேமரா முன் நடத்தினால் பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

விளக்கத்தைப் பத்துப் பத்து நிமிட வீடியோவாகப் பதிவு செய்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். நேரடி வகுப்பு தவறுகளைத் திருத்துவதற்கு மட்டும். வெளிமாநில பில்லுக்கு அதற்குரிய ஐஜிஎஸ்டி போடாமல், உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டவர் தன் திரையைக் காட்டட்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். பாடம் அங்கேதான் மனதில் நிற்கும்.

ஆனால் வீட்டில் செல்போன் மட்டுமே உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. டேலியின் இப்போதைய பதிப்பான டேலி பிரைம் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கானது. வீடியோ பார்த்து எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும், ஒரு வவுச்சர்கூட, அதாவது ஒரு கணக்குப் பதிவுகூடப் போட்டிருக்க மாட்டார்கள். கட்டணம் வாங்கும் முன்பே கேளுங்கள்: கம்ப்யூட்டர் இருக்கிறதா, அது யாருடையது, எந்த நேரத்தில் கிடைக்கும்? இல்லாதவர்களுக்கு வாரம் இரண்டு நாள் உங்கள் மையத்தைத் திறந்து வையுங்கள். அந்தக் கம்ப்யூட்டர்களை இப்போதே விற்றுவிடாதீர்கள். வீடியோவிலும் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள், செல்போன் திரையில் டேலியின் சின்ன எழுத்து தெரியாது.

கிராக் செய்த (உரிமம் இல்லாத திருட்டு) டேலியை மாணவர்களுக்கு அனுப்பவே கூடாது. டேலி நிறுவனத்தின் தளத்தில் இறக்கும் மென்பொருளிலேயே, பயிற்சிக்கான இலவச எஜுகேஷனல் மோட் இருக்கிறது. அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் பதிவு போட முடியும், பயிற்சிக் கணக்குகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

ஆப் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: பிளே ஸ்டோர் கணக்கு யார் பெயரில் இருக்கும்? அதைத் திறக்க ஒரே ஒருமுறை 25 டாலர்தான். அவர் பெயரில் இருந்தால் உங்கள் வீடியோவும் மாணவர் பட்டியலும் அவர் கையில். அடுத்த வருடம் 'புதுப்பிப்புக் கட்டணம்' என்று வந்து நிற்பார், மறுக்கவும் முடியாது.

அடுத்து 'அரசு அங்கீகாரம்' வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். பெரும்பாலும் அது உத்யம் பதிவுதான். தொழில் நடத்துகிறீர்கள் என்பதற்கான பதிவு அது, உங்கள் படிப்புக்கான அங்கீகாரம் அல்ல. அதுவும் இலவசம்! இலவசப் பதிவுக்கு ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள். அரசு இணையதளங்களைச் சாதாரண மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும்படி அமைத்திருந்தால் இந்தத் தரகர்களுக்கு வேலையே இருந்திருக்காது. எத்தனை வருடமாகச் சொல்கிறோம், யார் கேட்கிறார்கள்?

சரி, பத்துப் பேரோடு ஒரு பேட்ச் தொடங்குங்கள். முதல் இரண்டு வார வீடியோ கையில் தயாரான பிறகு தேதியை அறிவியுங்கள். கட்டணம் உங்கள் யுபிஐக்கே நேராக வரட்டும்.