விடுதலையானதை யார் போடுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள் நான். என் தம்பி ஐடிஐ ஃபிட்டர் முடித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கான்ட்ராக்ட் வேலை, சாயங்காலம் உணவு டெலிவரி. 2021-இல் ஒரு வழிப்பறி வழக்கில் வேறு நான்கு பையன்களோடு அவனையும் பிடித்துப் போனார்கள். போட்டோவோடு செய்தி வந்தது. 2024-இல் ஐந்து பேரையும் கோர்ட் விடுதலை செய்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் இணையத்தில் அவன் பெயரையும் ஏரியாவையும் தட்டித் தேடினால் அந்தப் படம்தான் வருகிறது. போன மாதம் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை என்று சொன்னவர்கள் அப்புறம் கூப்பிடவே இல்லை. அபார்ட்மென்ட் கேட்டில் அவன் முடியைப் பார்த்ததுமே பையைத் திறக்கச் சொல்கிறார்கள்.

வடசென்னை என்றாலே கத்தி, கஞ்சா என்று காட்டும் சினிமாக்கள்தானே இதற்குக் காரணம்? சென்சாரில் தடுக்க வேண்டாமா? எங்கள் ஏரியாவின் நல்ல பிள்ளைகளையும் மீடியா காட்டலாமே? நாங்கள் டீசன்ட்டான குடும்பம். தெருவில் சுற்றும் புள்ளிங்கோக்களோடு எங்களையும் சேர்த்துப் பேசுவதுதான் தாங்க முடியவில்லை.

எஸ்., வியாசர்பாடி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள எஸ்.,

முதலில் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். மூன்று வருடம் வாய்தாவுக்கு அலைந்துகொண்டே வேலையையும் விடாமல் பார்த்த பையனுக்கு யாருடைய நற்சான்றும் தேவையில்லை. முடியை அவன் இஷ்டப்படி வெட்டிக்கொள்ளட்டும்.

சினிமாவை ஒதுக்கி வைப்போம். சென்சார் கேட்காதீர்கள். எவ்வளவு மோசமான படத்திலும் கத்தி எடுக்கும் பையனுக்கு ஓர் அம்மா இருக்கிறாள், கத்தி எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது நடிப்பு என்று பார்ப்பவருக்கும் தெரியும். செய்தியில் வரும் பையனுக்கு அம்மாவும் கிடையாது, காரணமும் கிடையாது. ஆனால் அதை எல்லோரும் நிஜம் என்று நம்புகிறார்கள். நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்தப் போட்டோ செய்தியைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குற்றச் செய்தி எப்படித் தயாராகிறது? ஸ்டேஷனில் எழுதிய குறிப்பு ஒன்றும் இரண்டு போட்டோவும் நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். ஒரே நாளில் இப்படிப் பல வரும். சம்பவ இடத்துக்குப் போய்ப் பார்க்க நேரம் கிடையாது. பிடிபட்டவரின் வீட்டாருடைய போன் எண் குறிப்பில் இருக்காது, அவருக்கு வக்கீலும் அப்போது அமைந்திருக்க மாட்டார். ஆக, கிடைப்பது ஒரே தரப்பு. அந்தத் தரப்பும் 'போலீசார் கூறியதாவது' என்ற இரண்டு சொல்லால்தான் தெரியும். இட நெருக்கடியில், செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் முதலில் வெட்டுப்படுவது அந்த இரண்டு சொல். அது போனதும் குற்றச்சாட்டு நடந்த சம்பவமாகிவிடுகிறது. தலைப்பில் 'வழிப்பறி வழக்கில் 5 பேர் கைது' என்று போட இடமில்லை என்று 'வழிப்பறிக் கும்பல் சிக்கியது' என்று போடுவார்கள். எழுத்தை எண்ணிப் பாருங்கள், பெரிதாக ஒன்றும் மிச்சமாவதில்லை.

உள்ளே வரும் வாசகங்கள் உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். 'சந்தேகத்துக்கிடமாக நின்றிருந்தவர்களைப் பிடித்து விசாரித்தபோது முன்னுக்குப் பின் முரணாகப் பதில் அளித்தனர். போலீசார் தங்கள் பாணியில் விசாரித்தபோது குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.' அடித்து வாங்கிய வாக்குமூலம் என்று ஒரு செய்தியே பச்சையாகச் சொல்கிறது, படிக்கிற யாரும் திடுக்கிடுவதில்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாகாது என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 1872-இல் சாட்சியச் சட்டத்தில் எழுதியது, 2023-இல் வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. நீதிபதி தள்ளிவைக்க வேண்டிய ஒன்றைத்தான் செய்தி தன் முதுகெலும்பாக வைத்திருக்கிறது.

அடுத்தது போட்டோ. பையன்களைத் தரையில் உட்காரவைத்து, முன்னால் கத்தியும் செல்போனும் பரப்பி, பின்னால் போலீஸ்காரர்கள் நின்று எடுப்பது. இதில் போலீசுக்கே நஷ்டம் உண்டு. ஆளைத் தெரியாத வழிப்பறி வழக்கில் அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னிலையில், ஒத்த வயதும் தோற்றமும் உள்ள பலரோடு கலந்து நிறுத்தி, பறிகொடுத்தவர் தானாகக் கைகாட்ட வேண்டும். படம் ஏற்கெனவே பேப்பரிலும் போனிலும் வந்துவிட்டால், 'பார்த்த படத்தைத்தானே காட்டினீர்கள்' என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அத்தோடு அந்த அணிவகுப்பின் மதிப்பு போயிற்று. நிஜமாகவே பறிகொடுத்தவருக்கும் நியாயம் கிடைக்காது.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் படம், பெயர், முகவரி, பள்ளி எதையும் போடக் கூடாது. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம். கண்ணில் ஒரு கறுப்புப் பட்டையை ஒட்டிவிட்டு தெரு, அப்பா பெயர், பட்டப்பெயர் எல்லாவற்றையும் கொடுப்பவர்கள், சட்டத்தை மதித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். தெருக்காரர்களுக்குப் பட்டை தேவையே இல்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை வேறு. கைதுக்குக் குறிப்பு அனுப்ப ஆள் இருக்கிறது. விடுதலைக்கு இல்லை. கைது நடந்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வர வேண்டும். வராமல் ஜாமீனில் வெளியே வந்தாலும், குற்றப்பத்திரிகை வந்து விசாரணை முடிந்து விடுதலையானாலும், அதைப் போலீஸ் சொல்லப் போவதில்லை, அவர்களுக்கு அது தோல்வி. விடுதலையானவனுக்கு நிருபர் எண் தெரியாது. நிருபருக்கு அது பழைய கதை. எனவே ஊர் படிப்பது முதல் பாதியை மட்டும். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிகள். அவர்களில் பலரைப் பற்றியும் ஏதாவது ஒரு முதல் பாதி எங்கோ எழுதப்பட்டிருக்கும். அவற்றை வருஷக்கணக்காகத் தினம் படிக்கும் ஒரு அபார்ட்மென்ட் செக்ரட்டரி, கேட்டில் உங்கள் தம்பியைப் பார்த்து பயப்படாமல் எப்படி இருப்பார்? அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரு விடுதலைச் செய்திகூட யாரும் கொடுத்ததில்லை.

முடியாத காரியமா இது? டெஸ்க்கில் ஒரு நோட்டு போதும். போட்டோவோடு போட்ட ஒவ்வொரு கைதுச் செய்திக்கும் குற்ற எண் (எஃப்.ஐ.ஆர். எண்), வருடம், ஸ்டேஷன், செய்தியின் இணைப்பு, நான்கே கட்டம். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற சில வழக்குகளுக்குத்தான் விலக்கு. இ-கோர்ட்ஸ் தளத்தில் ஸ்டேஷன், குற்ற எண், வருடம் மூன்றையும் கொடுத்தால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பயிற்சி நிருபர் உட்கார்ந்து பார்த்தால் போதும். விடுதலை என்றால் அதே பக்கத்தின் தலையில் தேதியோடு ஒரு வரி. இதைச் செய்யாமல் 'சமூகப் பொறுப்புள்ள ஊடகம்' என்று போட்டுக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலித்தாலும் சொல்வேன்.

போலீஸ் தரப்பிலும் செய்ய வேண்டியது இருக்கிறது. போலீஸ் மீடியாவிடம் எதைப் பேசலாம் என்பதற்கு முழுமையான கையேடு தயாரிக்கும்படி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. குற்றவாளிகள் என்று கருதுபவர்களைக் கண்காணிக்கப் போலீஸ் வைத்திருக்கும் சரித்திரப் பதிவேடு என்பது உள் ஆவணம், பொதுவில் காட்டக் கூடாது என்று 2024 மே மாதம் வேறொரு தீர்ப்பு. அதன் பிறகும் 'ஏ பிளஸ் ரவுடி', 'பி கேட்டகிரி' என்று செய்தியில் படிக்கிறோம். அது எங்கிருந்து வருகிறது?

இப்போது உங்களிடம் கோபமாக ஒன்று பேச வேண்டும். 'நாங்கள் டீசன்ட்டான குடும்பம், புள்ளிங்கோக்களோடு சேர்க்காதீர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் அந்தப் புள்ளிங்கோ? முன்முடிக்குச் சாயம் அடித்து, பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, மூன்று பேராக ஒரு வண்டியில் போகிறவன். காலையில் மீன் ஏலத்தில் கூடை தூக்குகிறவனும் கேட்டரிங்கில் பந்தி பரிமாறுகிறவனும்தான் அவன். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் உங்கள் தம்பியையும் அப்படித்தான் பார்க்கிறார். 'அவன் வேறு, என் தம்பி வேறு' என்று நீங்கள் சொல்லும்போது வாட்ச்மேன் செய்தது சரி, ஆள் மட்டும் தப்பு என்றாகிறது. இந்த வாதத்தை விட்டுவிடுங்கள். தப்பு செய்தவனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் ரயில்வே ஸ்டேஷனில் ஒரு கல்லூரி மாணவரை இன்னொரு கல்லூரிக்காரர்கள் அடித்து, அந்தப் பையன் செத்தே போனான். அதைச் செய்தவர்கள் தண்டனை வாங்கத்தான் வேண்டும். ஆனால் தண்டனையைக் கோர்ட் கொடுக்கட்டும், முடிவெட்டைப் பார்த்து ஊர் கொடுக்க வேண்டாம்.

இந்தப் பிரிப்பு எங்கே கொண்டுபோய் விடும் தெரியுமா? 2022 ஏப்ரலில் மெரினாவில் குதிரை சவாரி விடும் 25 வயது இளைஞர் சென்னையில் போலீஸ் காவலில் இறந்தார். முதலில் வந்தது என்ன? ஆட்டோவில் கஞ்சாவும் கத்தியும் இருந்தது, வலிப்பு வந்தது. பிரேதப் பரிசோதனையில் 13 காயங்கள் என்று தெரிந்து, கொலை வழக்காக மாறி, போலீஸ்காரர்கள் கைதானது பிறகு. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளியாக இருந்த இளைஞர் இறந்தபோது வீடியோ இருந்தது, முன்வழக்கு இல்லை என்பதும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. மாநிலமே கொதித்தது, கொதித்தது நியாயம். குதிரைக்காரப் பையனுக்கு அந்தக் கொதிப்பு ஏன் வரவில்லை? கஞ்சாவும் கத்தியும் முதலிலேயே அச்சாகிவிட்டன. 'அப்பாவி' என்று நிரூபித்தால்தான் அழுவோம் என்று ஆகிவிட்டோம்.

நல்ல பிள்ளைகளைக் காட்டலாமே என்று கேட்டதற்கும் இதே பதில்தான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது, சென்னையின் தெற்கே உள்ள கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா அதில் ஆடினார். எவ்வளவு சந்தோஷம்! ஆனால் அந்தச் செய்திகளில் எத்தனையோ ஏரியாவின் கெட்ட பெயரில்தான் தொடங்கின. நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து 2000 முதல் ஆட்களைக் கொண்டுபோய் அங்கே இறக்கியதையும், வேலை வடக்கிலும் வீடு தெற்கிலும் ஆனதையும் யாரும் எழுதவில்லை. கார்த்திகா ஆட்டத்தில் எப்படி ரெய்டு போகிறார் என்றாவது எழுதியிருக்கலாம்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கோர்ட்டில் நகல் மனு போட்டு தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்று இருந்தால் பதற வேண்டாம், அதுவும் விடுதலைதான். போலீஸ் போன்ற சீருடைப் பணியாளர் தேர்வுக்கு மட்டும் அது சிக்கல், அந்த எண்ணம் இருந்தால் வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள். பிறகு அந்தச் செய்தித் தளத்துக்கு எழுதுங்கள். பெரும்பாலான தளங்கள் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலைப் போட்டிருக்கின்றன. இணைப்பு, தலைப்பு, வெளியான தேதி, குற்ற எண், தீர்ப்புத் தேதி இவ்வளவும் வேண்டும். செய்தியை நீக்கச் சொல்லாதீர்கள். 'ஆவணம், நீக்க முடியாது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், நீக்கினாலும் மற்ற இடங்களில் எடுத்துப் போட்ட பிரதிகள் நிற்கும். விடுதலையைப் பக்கத்தின் மேலே சேர்க்கச் சொல்லுங்கள், தலைப்பை மாற்றச் சொல்லுங்கள், படத்தை எடுக்கச் சொல்லுங்கள். தேடலில் தெரிவது தலைப்பும் படமும்தான். யூடியூபில் இருந்தால் தம்ப்நெயிலும் வீடியோ தலைப்பும் தனித்தனியாக மாற்ற வேண்டியவை, இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பத்திரிகைகள் மீதான புகாரை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில் அச்சுப் பத்திரிகைக்கு மட்டும்தான், அதுவும் நாளிதழ் என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள் போக வேண்டும், உங்களுக்கு அந்தக் கதவு அநேகமாக மூடிவிட்டது.

கம்பெனிக்கும் தீர்ப்பு நகலோடு ஒரு கடிதம் போகட்டும், கெஞ்சாமல். தளத்துக்கு எழுதும் கடிதத்தில் தம்பி பெயரை மட்டும் போடாதீர்கள். அன்றைக்கு அந்தப் போட்டோவில் உட்கார்ந்திருந்த மற்ற நான்கு பையன்களிடமும் கேட்டு, அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.