காட்டுயிர் கேள்வி–பதில்: கிட்டே போனால்தான் வினை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆபத்தான விலங்குகளைப் பற்றியவை. கல்லூரியில் நான் விலங்கியல் பாடம் எடுத்த காலத்திலும் மாணவர்கள் ஆர்வமாகக் கேட்டது இதைத்தான். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன்.

கே: உலகிலேயே மிகவும் ஆபத்தான விலங்கு எது? ஒரே பெயராகச் சொல்லுங்கள்.

ப: ஒரே பெயர் வேண்டுமென்றால் கொசு. மலேரியாவால் மட்டும் 2023-இல் சுமார் 5,97,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த, 5 வயதுகூட நிரம்பாத குழந்தைகள்.

நீங்கள் கேட்க நினைத்தது பாம்பு, முதலை, சுறா வகையைத்தான் என்று தெரிகிறது. சரி, பாம்பையே எடுத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்த பாம்பு நஞ்சுகளில் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தைப்பானின் நஞ்சுதான் மிகக் கடுமையானது. ஆனால் அந்தப் பாம்பு ஆள் நடமாட்டமே இல்லாத வறண்ட சமவெளியில், எலி வளைகளிலும் மண் வெடிப்புகளிலும் ஒதுங்கி வாழ்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓரிரு பாம்புகள் கிடைத்ததோடு சரி. அப்புறம் 1972 வரை ஆராய்ச்சியாளர்களின் கையில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. சுருட்டை விரியன் இரண்டடி நீளம்தான் இருக்கும். நஞ்சிலும் தைப்பானுக்கு ஈடில்லை. ஆனால் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வயல் வரப்பிலும் நடைபாதையிலும் கிடந்து எத்தனையோ பேரின் உயிரை வாங்குகிறது. பாம்புக் கடியால் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள். ஒரு விலங்கு எவ்வளவு ஆபத்தானது என்று தெரிய வேண்டுமானால், அதுவும் மனிதரும் எங்கே, எப்படி எதிர்ப்படுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். கீழே வரும் பதில்களிலும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

கே: கசோவரி என்ற பறவை உதைத்தால் மனிதரே செத்துவிடுவார் என்று படித்தேன். என் மகன் நம்ப மாட்டேன் என்கிறான். உண்மையா?

ப: உண்மைதான். நியூகினியிலும் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மழைக்காடுகளிலும் வாழும் பறக்காத பறவை இது. ஆள் உயரம் வளரும். பெண் பறவை 70 கிலோகூட எடை வரும். தலைமேல் கொம்பு போன்ற தொப்பி, நீலக் கழுத்து. ஒவ்வொரு காலிலும் உள்விரலில் சுமார் 12 செ.மீ. நீளத்துக்குக் கத்தி மாதிரி நேரான நகம். முன்னோக்கிப் பாய்ந்து உதைக்கும்போது அந்த நகம் கிழித்துவிடும்.

ஆனால் உங்கள் மகனிடம் மீதிக் கதையையும் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் கசோவரியால் ஒருவர் இறந்ததாகப் பதிவானது ஒரே ஒரு முறை, 1926-இல். இரண்டு சிறுவர்கள் தடியால் அந்தப் பறவையை அடித்துக் கொல்லப் போனார்கள். அண்ணனுக்கு 16 வயது. அவன் தடுக்கி விழுந்தபோது கழுத்தில் உதை விழுந்தது. இன்னொரு மரணம் 2019-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில். இறந்தவர் அந்தப் பறவையைத் தன் இடத்திலேயே வளர்த்துவந்த 75 வயது முதியவர். அவரும் கீழே விழுந்த நிலையில்தான் தாக்கப்பட்டார்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நடந்த தாக்குதல்களை கிறிஸ்டோபர் கோஃப்ரான் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 1999-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மனிதர்கள்மீது நடந்த 150 தாக்குதல்களில் நான்கில் மூன்று பங்கு, முன்பு மனிதர்கள் தீனி போட்டுப் பழக்கிய பறவைகள் செய்தவை. வகுப்பில் நான் விடாமல் எடுத்துச் சொன்ன கட்டுரைகளில் இதுவும் ஒன்று. வாழைப்பழம் கொடுப்பவர் அன்பாகத்தான் கொடுக்கிறார். பறவையோ மனிதரைக் கண்டாலே பழம் வரும் என்று கற்றுக்கொள்கிறது. அடுத்து வருபவர் வெறுங்கையோடு வந்தால் துரத்துகிறது. கடைசியில் பழி பறவைமேல் விழுகிறது. மற்றப் பறவைகளால் விழுங்க முடியாத பெரிய பழங்களை முழுசாக விழுங்கி, விதைகளைத் தொலைவு தொலைவாகக் கொண்டுபோய்ப் போடுவது கசோவரிதான். அந்தக் காட்டு மரங்கள் பல அதை நம்பித்தான் இருக்கின்றன.

கே: பெரிய கண்ணும் பஞ்சு ரோமமுமாக ஒரு சின்ன விலங்கைக் கிச்சுகிச்சு மூட்டும் வீடியோ வந்தது. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சுகமாக ரசிக்கிறது! அதன் பெயர் என்ன? வீட்டில் வளர்க்கலாமா?

ப: வளர்க்கக் கூடாது. அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

அதன் பெயர் ஸ்லோ லோரிஸ். தேவாங்கின் உறவுக்காரன், தென்கிழக்கு ஆசியக் காடுகளிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் வாழ்கிறது. குரங்கு, மனிதர் எல்லாம் சேர்ந்த விலங்கு வரிசையில் நஞ்சுக் கடி உள்ளவை இந்த லோரிஸ்கள்தான். முழங்கையின் உட்புறத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. பயம் வந்தால் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, அந்தச் சுரப்பியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நக்கும். சுரந்தது எச்சிலோடு கலந்து பல்லுக்கு வரும். நீங்கள் சுகம் என்று பார்த்தது, கடிக்கத் தயாராகும் ஒரு விலங்கின் பயம். கடிபட்டவருக்குக் கடும் வலியும் வீக்கமும் வரும். சிலருக்கு ஒவ்வாமை முற்றி உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது.

இதனாலேயே வியாபாரிகள் மயக்க மருந்துகூடக் கொடுக்காமல் அதன் முன்பற்களை நறுக்கிவிடுகிறார்கள். சீழ் பிடித்துச் சாகிறவை சாகும். பிழைத்தவற்றையும் காட்டில் விட முடியாது. மரப்பிசினைச் சுரண்டித் தின்ன அந்தப் பற்கள் வேண்டும். இரவில் நடமாடும் அந்தக் கண்களுக்கு வீடியோ விளக்கின் வெளிச்சமே ஒரு தண்டனை. 2007 முதல் இவற்றைப் பன்னாட்டு வணிகத்துக்காக வாங்கி விற்பது உலக ஒப்பந்தப்படி தடை. இந்த விஷயத்தில் என்னால் பொறுமையாகப் பேச முடிவதில்லை, மன்னியுங்கள்.

கே: பிளாட்டிபஸுக்கு நஞ்சு உண்டா?

ப: வாத்து அலகு கொண்ட இந்த ஆஸ்திரேலியப் பாலூட்டியில் ஆணுக்கு உண்டு. பின்னங்கால் கணுக்காலில் முள் இருக்கும், அதன் வழியே நஞ்சு இறங்கும். இனப்பெருக்கக் காலத்தில்தான் நஞ்சு அதிகம் சுரக்கிறது. ஆண்கள் தங்களுக்குள் சண்டை போடத்தான் அது முதன்மையாகப் பயன்படுவதாகத் தெரிகிறது. மனிதர் யாரும் இறந்ததாகப் பதிவில்லை. ஆனால் வலி மார்ஃபின் என்ற வலுவான வலிநிவாரணிக்கே அடங்காது, வாரக்கணக்கில் நீளும். 1799-இல் இதை முதன்முதலாக அறிவியல் முறைப்படி விவரித்த ஜார்ஜ் ஷா, வாத்தின் அலகை யாரோ ஒட்டவைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டார். ஒட்டவைத்ததாக இருந்தால்கூட அந்த முள்ளை யாராலும் கற்பனை செய்திருக்க முடியாது.

கே: கண்ணுக்கே தெரியாத ஜெல்லிமீன் கொட்டினால், செத்துவிடுவோம் என்ற எண்ணமே நோயாக வருமாமே?

ப: வரும். கண்ணுக்கே தெரியாதது என்று சொல்ல முடியாது; குடை மட்டும் சுமார் 1 செ.மீ. இருக்கும். ஆனால் கண்ணாடிபோல் இருப்பதால் நீரில் தெரியாது. இருகாண்ட்ஜி என்று பெயர்.

வட குயின்ஸ்லாந்துக் கடலில் குளித்தவர்கள் சிலர் கரையேறி அரைமணி நேரம் கழித்து முதுகுவலி, வாந்தி, வியர்வை, எகிறும் ரத்த அழுத்தம் என்று துடித்தார்கள். உடலில் பெரிதாகத் தழும்பே இருக்காது. கூடவே, சாகப் போகிறோம் என்ற அசைக்க முடியாத எண்ணம். ஹியூகோ ஃபிளெக்கர் என்ற மருத்துவர் 1952-இல் அந்த நோய்க்கு, அந்தக் கடற்கரையின் பூர்வகுடி மக்களின் பெயரையே வைத்தார். எது கொட்டுகிறது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

கெய்ன்ஸ் நகரத்து மருத்துவர் ஜாக் பார்ன்ஸ் விடாமல் தேடினார். 1961-இல் குட்டி ஜெல்லிமீன்கள் பிடிபட்டன. இவைதான் என்று நிரூபிக்க, தன்மீதும், ஓர் உயிர்காப்பு நீச்சல் வீரர்மீதும், தன் 9 வயது மகன்மீதும் கொட்ட வைத்தார். மூவரும் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், பிழைத்தும் விட்டார்கள். அந்த ஜெல்லிமீனின் அறிவியல் பெயரிலேயே இன்று பார்ன்ஸ் இருக்கிறார். அவருடைய துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பையனை இதில் சேர்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல நோக்கம் என்பது குழந்தையைச் சோதனைப் பொருளாக்க அனுமதிச் சீட்டு ஆகாது.

அந்தக் கடற்கரைகளில் வலை கட்டிய பகுதிக்குள் குளிக்கச் சொல்கிறார்கள். அந்த வலை பெரிய பெட்டி ஜெல்லிமீனைத் தடுக்கும். இருகாண்ட்ஜி அதற்குள் நுழைந்துவிடும். உடலை முழுக்க மூடும் நீச்சல் உடைதான் பாதுகாப்பு. கொட்டினால் வினிகரை நிறைய ஊற்ற வேண்டும். தோலில் இன்னும் வெடிக்காமல் ஒட்டியிருக்கும் கொட்டு அணுக்களை அது அடக்கும். நல்ல தண்ணீரால் கழுவவோ, தேய்க்கவோ கூடாது.

கே: மின்விலாங்கு தண்ணீரை விட்டு எம்பிக் குதிரையைத் தாக்கியது என்பது கட்டுக்கதைதானே?

ப: நெடுங்காலம் பல அறிஞர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1800-இல் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் வெனிசுவேலாவில் மின்விலாங்கு பிடிக்கச் சென்றார். உள்ளூர் மக்கள் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் குட்டைக்குள் விரட்டினார்கள். விலாங்குகள் அவற்றின் வயிற்றில் வந்து அழுத்தி அதிர்ச்சி கொடுத்தன. இரண்டு குதிரைகள் சில நிமிடங்களில் மூழ்கிவிட்டன. இதை அவர் எழுதியபோது, மிகைப்படுத்துகிறார் என்றார்கள். 2016-இல் அமெரிக்க உயிரியலாளர் கென்னத் கட்டானியா தன் ஆய்வகத்தில் அதையே கண்டார். தன்னை நெருங்கும் பொருள்மீது விலாங்கு நீரை விட்டு எம்பி, தாடையை அழுத்தியபடி மின்சாரம் பாய்ச்சுகிறது. எவ்வளவு உயரம் எம்புகிறதோ அவ்வளவுக்கு எதிரியின் உடலில் பாயும் மின்சாரமும் கூடுகிறது. 2019-இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்தில் 860 வோல்ட் வரை அளந்திருக்கிறார்கள். மின்துடிப்பு மிகச் சிறிய நேரமே நீடிப்பதால் நேரடியாகக் கொல்வது அரிது. செயலிழந்து நீரில் மூழ்குவதுதான் பயம்.

கே: நீர்யானை புல் தின்னும் விலங்கு. பிறகு ஏன் ஆட்களைக் கொல்கிறது?

ப: இரையாக்குவதற்காகக் கொல்வதில்லை. பகலெல்லாம் நீரில் கிடக்கும் நீர்யானை, இரவில் மேயக் கரையேறி, விடியுமுன் திரும்பும். அந்த நேரத்தில் தண்ணீருக்கும் அதற்கும் நடுவில் யாராவது நின்றால், தன் ஒரே புகலிடத்தை மறித்துவிட்டதாக நினைத்துப் பாயும். ஒன்றரை டன் உடல், அரை மீட்டர் வரை வளரும் கோரைப்பல், மணிக்கு 30 கி.மீ. வேகம். பெரும்பாலும் மீனவர்களும் தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேறு ஆறு கிடையாது.

கே: கடித்துக் கொல்லும் இந்த உயிர்களால் மனிதருக்கு என்ன பயன்? அழிந்தால் என்ன நஷ்டம்?

ப: பயன் இருந்தால்தான் வாழலாம் என்ற நிபந்தனையை நான் ஏற்கவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். கூம்பு நத்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

வெப்பக் கடல்களில் வாழும் அழகான ஓட்டு நத்தை. வாயிலிருந்து ஈட்டி போன்ற ஒரு பல்லை இரைமேல் எய்து, நஞ்சைச் செலுத்தும். இவற்றில் ஓர் இனம் நீரில் இன்சுலினையே கலந்துவிட்டு, சர்க்கரை இறங்கி மந்தமாகும் மீன்களை விழுங்குகிறது. அழகான சிப்பி என்று கையில் எடுத்தவர்கள் இறந்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமேரோ ஒலிவேரா இந்த நஞ்சுகளை ஆராய்ந்தார். அமெரிக்காவின் யூட்டாவில் இருந்த அவருடைய ஆய்வகத்தில், அப்போது இளநிலை மாணவராக இருந்த மைக்கேல் மெக்கின்டோஷ் ஒரு மூலக்கூறைப் பிரித்தெடுத்தார். அதிலிருந்து பிறந்த ஸிகோனோடைடு என்ற மருந்துக்கு 2004-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. வேறெதற்கும் அடங்காத வலியுள்ளவர்களுக்கு அதைத் தண்டுவட நீரில் செலுத்துகிறார்கள். ஓபியம் வகை மருந்துகளைப் போல அடிமைப்படுத்துவதில்லை. ஒரு நத்தையின் நஞ்சிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் உண்டு. பெரும்பாலானவற்றை இன்னும் யாரும் சரியாக ஆராயவில்லை.

கே: நீலவளைய ஆக்டோபஸ் கடித்தால் மருந்தே இல்லையாம். அப்படியானால் சாவு உறுதியா?

ப: உறுதி இல்லை. இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முறிமருந்து இல்லை என்பது சரி. ஜப்பான் முதல் ஆஸ்திரேலியா வரை கடலோரப் பாறைக் குட்டைகளில் இருக்கும் இந்தச் சின்ன ஆக்டோபஸ், சீண்டினால்தான் நீல வளையங்களைப் பளிச்சென்று காட்டும். கடி வலிக்காமலே போகலாம். 1954-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துக்கு அருகே இதைத் தோள்மேல் விட்டுக்கொண்ட ஓர் இளைஞர் இறந்தபோதுதான் இதன் கொடுமை வெளியே தெரிந்தது.

இதன் நஞ்சு டெட்ரோடோடாக்சின். அது தசைகளைச் செயலிழக்கச் செய்வதால் மூச்சு நிற்கிறது. இதயமோ அதற்குப் பிறகும் துடித்துக்கொண்டிருக்கலாம். உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கடித்த கையையோ காலையோ அழுத்தமாகக் கட்டி அசையாமல் வையுங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதத் தொடங்குங்கள். நாடித் துடிப்பும் இல்லையென்றால் மார்பை அழுத்த வேண்டும். கண் திறக்கவில்லை, அசையவில்லை என்பதற்காக இறந்துவிட்டார் என்று நிறுத்திவிடாதீர்கள். அவருக்கு நினைவு இருக்கலாம், நீங்கள் பேசுவது காதில் விழலாம். மருத்துவமனையில் செயற்கைச் சுவாசம் தொடர்ந்து கிடைத்தால், நஞ்சின் வேகம் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தணிந்து, அவர் தானாக மூச்சு விடத் தொடங்குவார்.