பழைய மின்னணுப் பொருள்களைக் காயலான் கடையில் போட்டாலும் மறுசுழற்சிதானே? பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் கொடுப்பதால் என்ன ஆதாயம்?

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுப் பழைய பிக்சர் டியூப் டிவியைத் தெருமுனைக் காயலான் கடையில் போட்டபோது, நான் பணத்தை எண்ணி முடிப்பதற்குள் கடைப் பையன் சுத்தியலால் டியூபின் கழுத்தை உடைத்து, அதைச் சுற்றியிருந்த செம்புக் காயிலை உருவி எடுத்துவிட்டான். உடைந்த கண்ணாடி குப்பைமேட்டுக்குப் போயிற்று. அந்தக் கண்ணாடியில் நச்சு உலோகமான ஈயம் ஏறக்குறைய ஒரு கிலோ இருந்திருக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

ஆதாயம் இல்லாமல் இல்லை. தங்கச் சுரங்கத்தில் ஒரு டன் தாதுவுக்குச் சில கிராம் தங்கம் கிடைத்தாலே போதுமானது என்பார்கள். ஒரு டன் பழைய கைபேசிகளில் அதைப் போல் நூறு மடங்கு தங்கம் இருப்பதாக 2019இல் ஐ.நா. தெரிவித்தது. ஜப்பானியர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை, 62 லட்சம் கைபேசிகள் உட்படப் பழைய சாதனங்களைத் திரட்டி, 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் 2,200 கிலோ வெண்கலமும் பிரித்தெடுத்து, சுமார் 5,000 பதக்கங்களையும் அவற்றிலிருந்தே செய்தார்கள். (தங்கப் பதக்கம் என்பது பெரும்பாலும் வெள்ளிதான், மேற்பூச்சுக்கு 6 கிராம் தங்கம் இருந்தால் போதும்.)

ஆனால், எவ்வளவு உலோகம் மீள்கிறது என்பது பொருள் யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் சர்க்யூட் போர்டை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுக்கிறார்கள். அதில் கணிசமான பங்கு கழிவோடு வீணாவதுடன், அமிலம் சாக்கடையில் கலக்கிறது. வயரை எரித்துச் செம்பு எடுத்தால் பிவிசி உறையிலிருந்து டையாக்சின் என்ற நச்சுப் புகை கிளம்புகிறது. முறையான உலையில் தங்கத்தோடு பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகமும் கிடைக்கிறது, புகையும் வடிகட்டப்படுகிறது. 2022இல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் 22.3 சதவீதம் மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது.

ஓடும் நிலையில் உள்ள கைபேசியை உடைக்கக் கொடுப்பதைவிட வேறொருவர் பயன்படுத்தக் கொடுப்பதே மேல். ஓடாததை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பட்டியலில் உள்ள மறுசுழற்சியாளரிடம் கொடுக்கலாம். அண்மையில் என் பழைய கணினியை அப்படிக் கொடுத்தேன். காயலான் கடையில் கேட்ட விலையைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது. செம்பும் அலுமினியமும் போக மிஞ்சும் நச்சுக் கழிவைப் பணம் செலவழித்து அப்புறப்படுத்தும் பொறுப்பு பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களுக்கு உண்டு, காயலான் கடைக்காரருக்கு அந்தச் செலவு கிடையாது.