மினிமத்தில் ஓடுபாதை மங்கலாகத் தெரிந்தால் இறங்கலாமா?

கேள்வி: இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி) பயிற்சியில் இருக்கிறேன். கிளைட் ஸ்லோப் (இறங்கும் சரிவைக் காட்டும் ரேடியோ வழிகாட்டி) இல்லாத அப்ரோச்சில் மினிமம் உயரத்துக்கு, அதாவது ஓடுபாதை தெரியாமல் அதற்குக் கீழே இறங்கக் கூடாத உயரத்துக்கு, வந்துவிட்டேன். மழைக்குள் ஓடுபாதை தெரிந்தும் தெரியாமலும் இருக்கிறது. இறங்குவதா, கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் மேலேறுவது) செய்வதா என்று அந்த ஓரிரு விநாடியில் எப்படி முடிவெடுப்பது?

பதில்: அந்த ஓரிரு விநாடிக்கு இவ்வளவு பெரிய வேலையை மிச்சம் வைக்கக் கூடாது. இறக்கத்தைத் தொடங்கும் முன்பே, சார்ட் (அப்ரோச் வரைபடம்) கையில் இருக்கும்போதே, பாதிக்கு மேல் முடிவு செய்துவிடலாம்.

முதலில் ஒரு கணக்கு. 3 டிகிரி சரிவில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி இறங்குவோம். மினிமம் ஓடுபாதைக்கு மேல் 600 அடி என்றால், த்ரெஷோல்டுக்கு (ஓடுபாதை தொடங்கும் இடம்) 2 கடல் மைல் முன்பே அதை விட்டு இறங்கத் தொடங்க வேண்டும். தரைவேகம் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) எனில் அதை 5-ஆல் பெருக்குங்கள்: நிமிடத்துக்கு 600 அடி இறக்கம். அந்த இடத்தைத் தாண்டியும் 600 அடியிலேயே மட்டமாகப் பறந்து, 1 கடல் மைலில்தான் ஓடுபாதை கண்ணில் பட்டது என்று வையுங்கள். மீதி 30 விநாடி. நிமிடத்துக்கு 1,200 அடி இறங்க வேண்டும். சரிவு ஏறக்குறைய இரட்டிப்பு. எஞ்சின் ஐடிலில் கிடக்கும், வேகம் ஏறும், சக்கரம் தொடும் இடம் தள்ளிப்போகும், ஓடுபாதையோ ஈரம். ஓடுபாதை பளிச்சென்று தெரிந்தாலும் இது இறங்கக்கூடிய நிலை அல்ல.

அடுத்தது பார்வைத்தூரம். 1,500 மீட்டர் என்று அறிக்கை வந்திருக்கிறது. முழு நீள அப்ரோச் விளக்குகள் த்ரெஷோல்டுக்கு முன்னால் 900 மீட்டர் வரை நிற்கின்றன. முதல் விளக்கே த்ரெஷோல்டிலிருந்து 2,400 மீட்டரில், அதாவது 1.3 கடல் மைலில்தான் தெரியும். நீங்கள் இறங்கத் தொடங்க வேண்டிய இடமோ 2 கடல் மைல். அங்கே எதுவும் தெரியப் போவதில்லை என்பது மேலே இருக்கும்போதே தெரிந்துவிட்டது. இந்த நிலையில் அப்ரோச்சைத் தொடங்குவதைவிட, வானிலை தெளியக் காத்திருப்பதோ மாற்று விமான நிலையத்துக்குப் போவதோ மேல். அறிக்கை சொல்வது தரைமட்டத்தில் கிடைமட்டமாக அளந்த தூரம் என்பதையும் மறக்க வேண்டாம். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது அதைவிடக் குறைவாகவே தெரியலாம்.

ஆகவே மினிமத்தில் மட்டமாகப் பறந்து தேடும் பழைய முறையை விட்டுவிடுங்கள். ஒரே சீரான சரிவில் வாருங்கள். மினிமத்துக்குச் சற்று மேலேயே, 50 அடி என்று வைத்துக்கொள்ளலாம், முடிவைச் சொல்லுங்கள். கோ-அரவுண்ட் தொடங்கும்போது விமானம் கொஞ்சம் அமிழும். அந்த அமிழ்வு மினிமத்துக்குக் கீழே போய்விடக் கூடாது.

இனி, ‘தெரிகிறது’ என்றால் என்ன? மழைக்குள் ஒரு வெளிச்சத் திட்டு தெரிவது கணக்கில் வராது. அது எந்த விளக்கு என்று அடையாளம் தெரிய வேண்டும், தொடர்ந்து தெரிய வேண்டும். நடுக்கோட்டு விளக்குகள் திசையைக் காட்டும். இறக்கை சமமாக இருக்கிறதா என்பதை 300 மீட்டரில் இருக்கும் குறுக்கு விளக்கு வரிசைதான் காட்டும். அமெரிக்க விதியில், அப்ரோச் விளக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு தொடுபகுதிக்கு (ஓடுபாதையில் சக்கரம் தொடும் பகுதி) மேல் 100 அடி வரைதான் வரலாம். அதற்குக் கீழே போக த்ரெஷோல்டோ, பாப்பி விளக்கோ (சரிவு சரியா என்று நிறத்தால் காட்டும் ஓடுபாதையோர விளக்குகள்), அப்ரோச் விளக்குகளின் சிவப்பு முடிவு வரிசையோ, அப்படி ஏதாவது தெரிந்தாக வேண்டும். பக்கக்காற்று வலமிருந்து வீசினால் மூக்கு வலப்பக்கம் திரும்பியிருக்கும். ஓடுபாதை இடப்பக்கம் தெரியும். நேரே மட்டும் தேடுபவர் அதைத் தவறவிடுவார்.

தெரிந்த பிறகுதான் கண் ஏமாற்றத் தொடங்குகிறது. கண்ணாடியில் வழியும் மழை, நாம் உயரமாக இருப்பதுபோல் காட்டும். மூடுபனிக்குள் நுழையும் கணத்தில் மூக்கு மேலே எழுவதுபோல் தோன்றும். இரண்டிலும் கை தானாக மூக்கைத் தாழ்த்தும். மெல்லிய தரைப்பனி இன்னும் மோசம்: மேலிருந்து ஓடுபாதை முழுதும் தெரியும், 50 அடியில் எல்லாம் மறைந்துபோகும். பாப்பியில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு இருக்கட்டும். மூன்று சிவப்பு என்றால் தாழ்வு, நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்வு. இருவர் ஓட்டும்போது ஒருவர் வெளியே பார்த்தால் மற்றவர் கருவிகளை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது. இருவரும் ஓடுபாதையைத் தேடும் காக்பிட்டில் உயரத்தைப் பார்க்க ஆள் இல்லை. 1997-இல் பசிபிக் தீவான குவாமில் கொரியன் ஏர் 801 விமானம் மலையில் மோதி 228 பேர் இறந்தார்கள். கிளைட் ஸ்லோப் பழுதுபார்ப்பில் இருந்தது. கேப்டன் கண்ணால் பார்த்து இறங்கலாம் என்று எதிர்பார்த்திருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குக் கீழே இறங்காமல் காக்க வேண்டிய உயரங்கள் இரவு மழையில் நழுவின.

மினிமத்துக்குக் கீழே வந்தபின் பார்வை மறைந்தால் ‘இன்னும் ஒரு விநாடி’ என்று காத்திருக்க வேண்டாம், உடனே கோ-அரவுண்ட். முழு பவர், மூக்கு மேலே, ஃப்ளாப் (இறக்கை மடல்) உங்கள் கையேடு சொல்லும் அளவுக்கு, ஏறுகிறது என்று கருவி காட்டியபின் கியர் (சக்கரங்கள்) மேலே. வேகம் கூடும்போது மூக்கு அளவுக்கு மீறி எழுந்துவிட்டதாக உடல் சொல்லும். அதை நம்பி யோக்கை (கட்டுப்பாட்டுப் பிடி) முன்னால் தள்ளாதீர்கள். செயற்கைத் தொடுவானக் கருவியைப் பாருங்கள். மிஸ்டு அப்ரோச் புள்ளிக்கு (ஓடுபாதை தெரியாவிட்டால் இறக்கத்தைக் கைவிட வேண்டிய, சார்ட்டில் குறித்த இடம்) முன்பே கோ-அரவுண்ட் தொடங்கினால் ஏறுவதற்குத் தடையில்லை. ஆனால் சார்ட்டில் வேறு சொல்லாதவரை, அந்தப் புள்ளி வரை அதே பாதையில் நேரே போன பிறகே திரும்புங்கள். தடைகளிலிருந்து பாதுகாப்பு அந்தப் பாதைக்குத்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது.